விளையாட்டு நேரத்தில் மொழியும் சேர்ந்தால்: ஓர் ஆசிரியர் பயிற்சியும் அதன் கருவிப் பெட்டியும்

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான உடற்கல்விப் பயிற்சி ஒன்றை முடித்து, அதோடு கொடுத்த கருவிப் பெட்டியை ஒரு கல்வியாண்டு முழுக்க வகுப்பில் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து ஆடும் உடற்கல்வி, அதற்குள்ளேயே மொழி கற்றல்: இதுதான் பயிற்சியின் பொருள். நடத்தியவர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே பொருளில் பயிற்சி தருபவர்கள் பலர் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஒரே ஊற்றிலிருந்துதான் எல்லோரும் எடுக்கிறார்கள். சேர நினைக்கும் ஆசிரியருக்கும், ஆசிரியர்களை அனுப்பலாமா என்று யோசிக்கும் தலைமையாசிரியருக்கும் எது உதவியது, எது உதவவில்லை என்று தெரிந்தால் போதும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் நடந்த பகுதிக்காக மட்டுமே இதில் சேரலாம். வகுப்பறையில் நடந்த கோட்பாட்டுப் பகுதி சுமார். கருவிகள் நன்று. படச்சீட்டுகளில் பாதியை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். மதிப்பீட்டுப் பகுதியை அவர்கள் திருத்தி எழுதியே ஆக வேண்டும்.

நான் உடற்கல்வி படித்தவள் அல்ல, வகுப்பாசிரியை. எல்லாப் பாடமும் எடுக்கும் கையோடு பி.டி. பீரியடும் என் பொறுப்பு. என் வகுப்பில் வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்று வளரும் பிள்ளைகள் கணிசமாக உண்டு. சக்கர நாற்காலியில் வரும் பையன் ஒருவன், பார்வை குறைந்த சிறுமி ஒருத்தி, திடீர்ச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு விலகிவிடும் இன்னொரு பையன். இப்படிப்பட்ட பிள்ளைகளை விளையாட்டு நேரத்தில் ஸ்கோர் எழுத வைப்பது, கோன் அடுக்க வைப்பது, நிழலில் உட்காரச் சொல்வது என்பதெல்லாம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. அதைப் பார்த்து எனக்கு எப்போதும் மனம் ஆறியதில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, பள்ளிக்குள் நடக்கும் விளையாட்டிலும் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குச் சம வாய்ப்பு இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. உரிமை எழுத்தில் இருக்கிறது. நாளைக் காலை மைதானத்தில் என்ன செய்வது என்பதைத்தான் யாராவது சொல்லித்தர வேண்டியிருந்தது.

கோட்பாட்டுப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடமும் மொழியும் சேர்ந்து கற்கும் முறைக்கு டேவிட் மார்ஷ் 1994இல் 'கிளில்' என்று பெயர் வைத்தது, டோ கோய்ல் அதை உள்ளடக்கம், தொடர்பு, சிந்தனை, பண்பாடு என்று நான்கு கால்களில் நிறுத்தியது, யுனெஸ்கோவின் 1978 உடற்கல்விச் சாசனம், அதன் 2015 திருத்தம் எல்லாம் திரையில் ஓடின. திரையில் இருப்பதையே வாசித்துக் காட்டினார்கள். வீட்டில் படித்துக்கொள்ளலாம் என்று கொடுத்திருந்தால் அந்த நேரமும் மைதானத்துக்குக் கிடைத்திருக்கும்.

அதில் இரண்டு விஷயங்கள் மட்டும் என்னோடு தங்கின. ஒன்று மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் பிரித்துக் காட்டிய வேறுபாடு. அன்றாடப் பேச்சு மொழி ஒரு குழந்தைக்கு ஓரிரு வருடத்தில் பிடிபட்டுவிடும். பாடத்தைப் புரிந்துகொள்ளவும் விளக்கவும் வேண்டிய மொழி வர அதைவிடப் பல வருடம் கூடுதலாக ஆகும். மைதானத்தில் கலகலவென்று பேசும் பிள்ளையைப் பார்த்து 'இவளுக்கு மொழி வந்துவிட்டது' என்று ஆசிரியர் முடிவு கட்டுவதும், அதே பிள்ளை வகுப்பில் வாய் திறக்காதபோது 'படிப்பு வரவில்லை' என்று எழுதிவிடுவதும் இந்த வேறுபாடு தெரியாததால் வருபவை. இன்னொன்று உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷரின் முறை. ஆசிரியர் 'குதி', 'திரும்பு', 'உட்கார்' என்று சொல்ல, குழந்தை உடம்பால் பதில் சொல்லும். பேசத் தொடங்காத பிள்ளையும் புரிந்துகொள்கிறது என்பது அதில் கண்கூடாகத் தெரியும். ஆனால் அந்த முறையில் கட்டளை பெரும்பாலும் ஆசிரியரிடமிருந்தே வருகிறது, குழந்தை கேட்பவராகவே நின்றுவிடுகிறது. பயிற்சி அங்கேயே நிற்காமல், கட்டளையை மெல்ல மெல்லக் குழந்தையின் வாய்க்கு மாற்றும் வழியைக் காட்டியது. அது எனக்குப் பிடித்தது.

இனி மைதானம்.

முதல் ஆட்டத்துக்கு ஒரே ஒரு கயிறுதான். இரண்டு பேர் பிடித்துக்கொள்கிறார்கள், ஒரு முனை தரையில், மறுமுனை இடுப்பு உயரத்தில். கயிறு சாய்வாக நிற்கிறது. தாண்ட வரும் குழந்தை தனக்கு எட்டும் இடத்தைத் தானே பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம். கயிற்றைச் சமமாகப் பிடித்து ஒவ்வொரு சுற்றுக்கும் உயர்த்தினால், தாண்ட முடியாதவர் வெளியேறுவார். அதிகம் பழக வேண்டிய பிள்ளைதான் முதலில் உட்காரும். சாய்த்துப் பிடித்தால் யாரும் வெளியேற வேண்டியதில்லை. உடற்கல்வி அறிஞர் மஸ்கா மோஸ்டன் 1966இலிருந்து வகுத்துவந்த கற்பித்தல் பாணிகளில் ஒன்றுக்கு இந்தச் சாய்ந்த கயிறு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. எங்களுக்குச் சொல்லித்தந்தவர்களில் ஒருவர் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர். அவர் தாழ்ந்த முனையில் கயிறு தரையைத் தொடும் இடத்தை உருண்டு கடந்தார். பிறகு உயர்ந்த முனைக்கு வந்து, கயிற்றில் தலை படாமல் குனிந்து அடியில் நுழைந்து போனார். 'மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம், எங்கே என்பது மட்டும் உங்கள் முடிவு' என்றார். அந்த ஒரு நிமிடத்தில், தாண்டத் தெரிந்தவர்களும் கயிற்றின் அடியில் நுழைந்து பார்க்க வரிசையில் நின்றுவிட்டார்கள்.

மொழி இதில் எங்கே வருகிறது? தாண்டும் முன் கூட்டாளியிடம் 'நான் இங்கே தாண்டப்போகிறேன்' என்று சொல்ல வேண்டும். தாண்டியதும் கூட்டாளி கேட்பார், 'அடுத்தது இதைவிட உயரமா, இதே இடமா?' உயரம், இதைவிட உயரம், எல்லாவற்றையும்விட உயரம், கயிற்றுக்கு மேலே, கயிற்றுக்கு அடியில் என்பதெல்லாம் மொழிப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக வரும் பயிற்சி. இங்கே அவை காலடியில் கிடக்கின்றன. என் வகுப்பில், பள்ளி மொழிக்குப் புதிதாக வந்த சிறுமி முதலில் விரலால்தான் இடத்தைக் காட்டினாள். சில வாரங்களில் 'இங்கே' வந்தது. அதற்குப் பிறகு ஒருநாள், கயிறு பிடித்திருந்தவனைப் பார்த்து 'இன்னும் தூக்கு' என்று அதட்டினாள். அவளாக முன்வந்து இன்னொரு பிள்ளையிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல்.

அடுத்தது 'ஸ்டெப்'. எந்த ஆட்டத்தையும் நான்கு பக்கத்திலிருந்து மாற்றலாம்: இடம், பணி, கருவி, ஆட்கள். உள்ளடக்கிய விளையாட்டில் பல நாடுகளில் புழங்கும் சட்டகம் இது. ஓடித் தொடும் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு குழுக் குழுவாக மாற்றச் சொன்னார்கள். இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஓடக் கூடாது, வேகநடை மட்டும் என்று பணியை மாற்றிப் பார்த்தோம். தொடுவதற்கு நீள ஃபோம் குச்சியைக் கொடுத்தபோது சக்கர நாற்காலியில் இருப்பவரின் எட்டும் தூரம் கூடியது. தனியாக ஓடாமல் இருவர் இருவராகக் கை கோத்து ஓடியபோது எல்லோருடைய வேகமும் ஒன்றுக்கொன்று நெருங்கியது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது அவர்கள் வைத்த விதி. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

இந்த நான்குக்குப் பக்கத்தில் அவர்கள் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டிருந்தார்கள்: பேச்சு. இந்த ஆட்டம் நடக்க வேண்டுமானால் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன சொல்லியே ஆக வேண்டும்? பயிற்சி முழுவதிலும் எனக்குப் பெரிதாகப் பட்டது இந்த ஒற்றைக் கேள்விதான். ஏனென்றால் மொழியை விளையாட்டோடு இணைக்கிறோம் என்ற பெயரில் நடப்பவற்றில் பல, விளையாட்டின் மேல் மொழியை ஒட்டுவதாகத்தான் இருக்கின்றன. பந்தை எறியும் முன் ஒரு நிறத்தின் பெயர் சொல் என்பார்கள். குழந்தைக்கு எறிய வேண்டும், அவ்வளவுதான். 'சிவப்பு' என்று கத்திவிட்டு எறியும், அடுத்த பிள்ளையும் 'சிவப்பு' என்றே கத்தும். சொல்லாமல் எறிந்தாலும் ஆட்டத்தில் எதுவும் குறையாது. பேச்சை எடுத்துவிட்டால் ஆட்டம் நின்றுபோக வேண்டும். அப்போதுதான் பிள்ளைகள் பேசுவார்கள்.

அதற்கு நான் கண்ட சிறந்த எடுத்துக்காட்டு போச்சியா. பெட்டியில் இருந்தவற்றில் என் வகுப்பு விட்டுக்கொடுக்காத பொருளும் அதுதான். 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கும் விளையாட்டு இது. ஆறு சிவப்புப் பந்து, ஆறு நீலப் பந்து, ஒரு வெள்ளைப் பந்து. வெள்ளைப் பந்துக்கு அருகில் யாருடைய பந்து நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கையால் எறிய முடியாத வீரர்களுக்கு ஒரு பிரிவு உண்டு. அவர்கள் சாய்தளம் ஒன்றின் வழியாகப் பந்தை உருட்டிவிடுவார்கள். அந்தச் சாய்தளத்தை நகர்த்திக் கொடுக்க ஓர் உதவியாளர் இருப்பார், ஆனால் அவர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித்தான் இருக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு உயரத்திலிருந்து விடுவது எல்லாம் வீரரின் முடிவு.

இதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆடுகளத்தைப் பார்ப்பவர் ஒருவர், சாய்தளத்தைப் பிடித்திருப்பவர் இன்னொருவர். முதலாமவர் சொன்னால்தான் இரண்டாமவர் அசைய முடியும். 'இடப்பக்கம்... போதும். கொஞ்சம் பின்னாடி. இல்லை, இன்னும் மேலேயிருந்து விடு.' சொல் தவறினால் பந்து வேறு பக்கம் போகும், உடனே தெரிந்துவிடும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதால் சொல் வராத பிள்ளை கையைக் காட்டலாம். கை காட்டுவதையும் சேர்த்தே ஏற்கச் சொன்னார்கள், அது சரி. கையால் திசை காட்டிவிடலாம், 'நீ விட்டதைவிடக் கொஞ்சம் மெதுவாக' என்பதைக் கையால் காட்டுவது கடினம். அங்கே குழந்தை சொல்லைத் தேட ஆரம்பிக்கும், பக்கத்தில் நிற்பவர் எடுத்துக்கொடுப்பார்.

என் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் பையன் இந்த ஆட்டத்தில் எல்லோரையும்விடக் கூர்மையாக இருக்கிறான். எவ்வளவு உயரத்திலிருந்து விட்டால் பந்து எங்கே போய் நிற்கும் என்று அவனுக்கு ஒரு கணக்கு உண்டு. அதை மற்றவர்களுக்கு விளக்கவும் செய்கிறான், 'வெள்ளைப் பந்து கிட்ட இருந்தால் பாதியிலிருந்து விடணும், ஏன்னா...' என்று. காரணம் சொல்லும் அந்த மொழிதான் அறிவியல் வகுப்பிலும் கணக்கு வகுப்பிலும் நாம் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது.

மணிப் பந்தைப் பற்றி. கண்பார்வை இல்லாதவர்களுக்கான கோல்பால் 1946இல் உருவான விளையாட்டு. அதன் அதிகாரபூர்வப் பந்து 1.25 கிலோ எடை, சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. பெட்டியில் வந்தது லேசானது, நல்ல தேர்வு. ஆனால் உள்ளே இருக்கும் மணி, பந்து உருளும்போதுதான் ஒலிக்கும். நின்றதும் சத்தமும் நின்றுவிடும். என் வகுப்புச் சிறுமிக்குக் கொஞ்சம் பார்வை உண்டு, ஆனால் அவர்கள் கொடுத்த பந்து மண்ணின் நிறத்திலேயே இருந்தது. நின்ற பந்தை அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? பளீர் மஞ்சள் நாடாவைச் சுற்றி ஒட்டிய பிறகு நிலைமை மாறியது. இதைத் தயாரிப்பவர்களே செய்திருக்க வேண்டும். இந்தப் பந்து தந்த இன்னொரு நன்மை அமைதி. கோல்பாலில் ஆட்டம் நடக்கும்போது பார்வையாளர்களும் சத்தம் போடக் கூடாது, இல்லையேல் வீரர்களுக்கு மணி கேட்காது. என் வகுப்பில் 'சத்தம் போடாதே' என்று நான் சொல்வதற்கு ஒரு பொருள் கிடைத்தது அன்றைக்குத்தான். காது கொடுத்துக் கேட்பதும் மொழிதானே.

எல்லோரும் சுற்றி நின்று விளிம்பைப் பிடித்து ஆடும் பெரிய வட்டத் துணியான பாராசூட் வழக்கம்போல் எல்லோருக்கும் பிடித்தது. அதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல எதுவும் இல்லை.

நிறுத்தும் சைகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விசிலோடு கூடவே வண்ணக் கொடியையும் உயர்த்தச் சொன்னார்கள். கொடியைப் பார்த்தவர் கையை உயர்த்துவார், அதைப் பார்த்து அடுத்தவர். காது கேளாத பிள்ளைக்கும், மொழி புரியாத பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் செய்தி போய்ச் சேரும். சில நாட்களில் நான் விசிலை விட்டே விட்டேன். காதைப் பொத்திக்கொள்ளும் பையன் இப்போது கொடிக்குப் பொறுப்பாளன். முன்பு மைதானத்தின் ஓரத்தில் நின்றவன், இப்போது நடுவில் நிற்கிறான். இதற்குத் தேவைப்பட்டது ஒரு துணித்துண்டு மட்டும்தான்.

படச்சீட்டுகளில்தான் குறை அதிகம். ஒரு சீட்டில் ஓர் அசைவு, ஒரு கோட்டோவியம், ஒரு சொல் என்று இருப்பவை அருமை. ஆனால் மீதிப் பாதியில் விதிமுறைகள் பத்தி பத்தியாக அச்சாகியிருக்கின்றன. இரண்டாம் வகுப்புப் பிள்ளை அதை வாசித்து முடிப்பதற்குள் பீரியட் முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலியக்கம் வேண்டும் என்கிறது. பல பிள்ளைகளுக்கு மூச்சு வாங்க ஓடக் கிடைப்பதே பள்ளியின் இந்த நேரத்தில்தான். அதையும் சீட்டு வாசிக்கும் வகுப்பாக்கினால் உடற்கல்வியும் போச்சு, மொழியும் போச்சு. வெயிலில் பளபளக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறார்கள், பார்வை குறைந்த பிள்ளைக்கு அதில் கண் கூச்சம் தவிர எதுவும் தெரியாது. போதாததற்கு, 'செல்' என்ற சீட்டிலும் 'துரத்து' என்ற சீட்டிலும் இருப்பவை ஓடும் கால்கள் மட்டுமே. எல்லோருக்குமான உடற்கல்வி என்று பெட்டியின் மேல் அச்சிட்டுவிட்டு உள்ளே ஒரு சக்கரம்கூட வரையாமல் விட்டால் எப்படி? நாங்களே எங்கள் வகுப்பில் வேறு சீட்டு வரைந்துகொண்டோம். சக்கர நாற்காலி வரைந்தது, அதை ஓட்டும் பையனே. பிரேக் எங்கே இருக்கும் என்று மற்றவர்களைத் திருத்தி வேறு விட்டான்.

மதிப்பீட்டுத் தாளைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. 'முழு வாக்கியத்தில் பேசுகிறார்' என்பதற்கு அதிக மதிப்பெண், 'ஒற்றைச் சொல்லில் பேசுகிறார்' என்பதற்குக் குறைவு. ஆட்டத்தின் நடுவில் முழு வாக்கியம் பேசுபவர் யார்? 'இங்கே!', 'எனக்கு!', 'பின்னாடி பார்!' என்பவைதான் அங்கே சரியான மொழி. அந்த நொடியில் அவ்வளவு போதும், அதற்கு மேல் பேசினால் பந்து போய்விடும். முழு வாக்கியம் வேண்டுமானால் ஆட்டம் முடிந்து வட்டமாக உட்கார்ந்த பிறகு, 'எப்படி ஜெயித்தீர்கள்?' என்று கேட்க வேண்டும். அங்கே வரும். சைகை மொழி பேசும் குழந்தை, படப் பலகையைத் தொட்டுப் பேசும் குழந்தை, திக்கிப் பேசும் குழந்தை எல்லோருக்கும் இந்தத் தாள் என்ன மதிப்பெண் போடும்? சேர்த்துக்கொள்வதைப் பற்றி மைதானத்தில் அவ்வளவு அழகாகச் சொல்லித்தந்தவர்கள், தாளுக்கு வந்ததும் அதை விட்டுவிட்டார்கள். நான் அந்தத் தாளைப் பயன்படுத்துவதில்லை. 'கூட்டாளிக்குப் புரிந்ததா?' என்று ஒரே ஒரு வரியைக் குறித்துக்கொள்கிறேன், எந்த வழியில் சொன்னாலும் சரி.

சைகை மொழிக்கு மொத்தப் பயிற்சியிலும் ஒரே ஒரு பக்கம்தான் ஒதுக்கியிருந்தார்கள். காது கேளாத பிள்ளைகள் இருக்கும் வகுப்பாசிரியர்களுக்கு இது போதவே போதாது, அவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. வீட்டு மொழியைப் பற்றி நல்ல நிலைப்பாடு எடுத்திருந்தார்கள்: குழுவாகத் திட்டமிடும்போது பிள்ளைகள் எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசட்டும், மற்றவர்களுக்குச் சொல்லும்போது பொது மொழிக்கு வரட்டும். இதை நான் மனதார வழிமொழிகிறேன். வீட்டு மொழியில் யோசித்து முடித்த பிள்ளை பொது மொழியில் சொல்ல வரும்போது, கையில் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

சேரும் முன் நடத்துபவர்களிடம் சிலவற்றைக் கேளுங்கள். மொத்த நேரத்தில் எவ்வளவு மைதானத்தில்? சொல்லித்தருபவர்களில் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்களா? உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் தேவையை முன்கூட்டியே கேட்டு வாங்குகிறார்களா, அல்லது எல்லோருக்கும் ஒரே பாடமா? முதல் கேள்விக்குப் பாதி நேரத்துக்கும் குறைவு என்று பதில் வந்தால் சேர வேண்டாம்.

கருவிப் பெட்டியை வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கயிறு ஒன்று, பளிச்சென்ற நிறத்தில் கொடி, மூன்று நிறங்களில் மெத்துப் பந்துகள் இருந்தால் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். சாய்தளத்துக்கு அகலமான பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் போதும், பந்து அதில் தடையில்லாமல் உருளும். முதலில் பந்தை வைத்துப் பார்த்து அகலத்தை முடிவு செய்யுங்கள். அறுத்த ஓரம் கத்திபோல் இருக்கும், உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி, மேலே துணி நாடா ஒட்டிய பிறகே பிள்ளைகள் கையில் கொடுங்கள்.